பழைய நகை வாட்ச் வாங்குகிறீர்களா? பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

லண்டன் ஆன்டிக் சந்தைகளில் பெண்களுக்கான பழைய நகை வாட்ச் தேடுபவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். என் மனைவியையும் என்னையும் ஒரு வியாபாரி 1,400 பவுண்டுக்கு ஏமாற்றியிருக்கிறார்.

"1930களின் சுவிஸ் வாட்ச், 18 காரட் வெள்ளைத் தங்கம், எல்லாமே வைரம்" என்று சொல்லி விற்றார். அழகில் குறையே இல்லை. சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலான முகப்பு, இருபுறமும் சிறுத்துக்கொண்டே போகும் கற்கள், கறுப்புப் பட்டுக் கயிறு. அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் நகைக்குள் இயந்திரத்தை ஒளித்துவைப்பதில் அவ்வளவு தேர்ந்தவர்கள். ஜெகர்-லெகூல்த்ர் என்ற சுவிஸ் வாட்ச் நிறுவனம் 1929இல் கொண்டுவந்த 101 என்ற இயந்திரத்தின் எடை ஏறக்குறைய ஒரு கிராம்தான். எலிசபெத் ராணி 1953இல் முடிசூட்டிக்கொண்டபோது கட்டியிருந்த வாட்சுக்குள் ஓடியது அதுதான். இப்படிப்பட்ட வேலைப்பாட்டின் மேல் மக்களுக்கு இருக்கும் ஆசையை வைத்துத்தான் இந்த ஆள் பிழைக்கிறார்.

பின்மூடியைத் திறக்கச் சொன்னோம். தூசி உள்ளே போய்விடும், பழைய பொருள், திறக்கக் கூடாது என்றார். கார்டு மெஷின் ஓடவில்லை, ரொக்கம் என்றால் விலை குறைக்கிறேன் என்றார். ரசீதில் "பழைய வாட்ச்" என்பதோடு சரி. காரட்டும் இல்லை, வைரமும் இல்லை.

வீட்டுக்கு வந்து சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிட்டது. பழுதுபார்ப்பவர் எங்கள் கண்முன்னாலேயே மூடியைத் திறந்தார். உள்பக்கத்தில் தெளிவாக "14 காரட் கோல்டு ஃபில்டு" என்று முத்திரை. அதாவது மட்டமான உலோகத்தின் மேல் மெல்லிய தங்கத் தகடு, அமெரிக்கக் கூடு. உள்ளே இருந்த இயந்திரம் மட்டும் சுவிஸ். கற்களில் பாதிக்கு மேல் கண்ணாடி, அதையும் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கோல்டு ஃபில்டு வாட்ச் வாங்குவதில் தப்பே இல்லை, அதிலும் அழகானவை நிறைய உண்டு. ஆனால் அதைத் தங்க விலைக்கு விற்பது பச்சைத் திருட்டு.

நம் ஊரில் 916 பார்ப்பது போல இங்கே 18 காரட்டுக்கு 750, 9 காரட்டுக்கு 375 என்று பாருங்கள். பழைய சுவிஸ் கூடுகளில் 18 காரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில் முத்திரை இருக்கும். பெரும்பாலும் இவை மூடிக்கு உள்ளேதான் இருக்கும். அதனால், திறக்க மறுக்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள். பிரிட்டனில் ஹால்மார்க் விளக்கப் பலகையைக் கடையில் வைப்பது சட்டப்படி கட்டாயம்; இவரிடம் அதுவும் இல்லை.

சொன்னபடி பொருள் இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் அந்தக் கெடுவுக்குள்தான் போய்க் கேட்டோம். "தங்கம் என்று நான் சொல்லவே இல்லை" என்று ரசீதைக் காட்டினார். பழுதுபார்ப்பவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. நீங்கள் வாங்கும்போது காரட், கல், இயந்திரம் மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கொடுங்கள்.