சாவு வீட்டுக்கு ஆன்லைனில் மாலை அனுப்பி நான் பட்டது

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் அத்தை தவறிவிட்டார். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். செய்தி வந்தபோது இங்கே மணி பன்னிரண்டு, ஊரில் ஒன்பதரை. அப்பா இல்லாததால் பிறந்த வீட்டுக் கோடியும் மாலையும் என் தலையில். கோடிச் சேலையைச் சித்தப்பா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மாலையை நான் அனுப்பிவிடுகிறேன் என்று வாயை விட்டேன்.

விமானம் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடியதும் ‘இந்தியா முழுக்க அதே நாள் டெலிவரி’ என்று ஒரு தளம் வந்தது. ஆளுயர ரோஜா மாலைப் படம், 85 சிங்கப்பூர் வெள்ளி. காலை 10 மணிக்குள் என்று குறித்து, இறுதிச் சடங்குக்கு என்று எழுதி, பணமும் கட்டிவிட்டேன்.

புதன்கிழமை 12 முதல் ஒன்றரை வரை ராகு காலம். அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்து, பதினொன்றரைக்கு எடுத்துவிட்டார்கள். பிறந்த வீட்டு மாலை எங்கே என்று பந்தலில் பேச்சு வந்திருக்கிறது. சித்தப்பா பைக்கில் ஓடிப்போய் ஒரு சம்பங்கி மாலை வாங்கி வந்து மானத்தைக் காப்பாற்றினார்.

நான் அனுப்பியது வந்தது பிற்பகல் 3.40-க்கு. அதுவும் மாலை இல்லை. பளபள பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டிய சிவப்பு ரோஜாப் பூங்கொத்து. கூடவே இதயம் போட்ட ஓர் அட்டை. அந்த நேரம் சுடுகாட்டில் இருந்து எல்லோரும் திரும்பி, வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்து முடித்திருந்தார்கள். சாவுக்கு வந்த பூவை அதற்கு மேல் யார் உள்ளே வாங்குவார்கள்? அத்தான் அதைத் தெரு ஓரமாக வைத்துவிட்டு எனக்கு போன் செய்தார். “மாப்ள, இது யாருக்குடா?” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அட்டையின் பின்பக்கம் ஒரு மதுரைக் கடையின் எண் இருந்தது. கூப்பிட்டேன். “தம்பி, எனக்குத் தகவல் வந்ததே பன்னிரண்டரைக்குத்தான். சிவப்புப் பூங்கொத்து, 1,800 ரூபாய், அவ்வளவுதான் போட்டிருந்தது. சாவு வீடு என்று தெரிந்தால் இதைக் கட்டியிருப்பேனா?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தளத்துக்குச் சொந்தமாகக் கடையே கிடையாது. நம்மிடம் ஆர்டரை வாங்கி, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தெரிந்த ஏதோ ஒரு கடைக்குத் தள்ளிவிடும் வேலை. நான் எழுதிய ‘இறுதிச் சடங்கு’ நடுவழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், வாடும் பொருளுக்குத் திருப்பித் தருவதில்லையாம். ‘அதே நாள்’ என்றால் இரவு 11 வரையாம். மன்னிப்பாக 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார்கள், அடுத்த ஆர்டருக்கு. அடுத்த ஆர்டர் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் புண்ணியவான்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இதில் கொடுமை, எங்கள் ஊரைச் சுற்றி விளைவதே பூதான். நிலக்கோட்டையில் பெரிய பூ மார்க்கெட்டே இருக்கிறது. சித்தப்பா வாங்கிய மாலை 600 ரூபாய்.

அதனால், செய்தி வந்தவுடன் தளத்தைத் தேடாதீர்கள். முதலில் ஊரில் ஒருவரைக் கூப்பிட்டு ‘எப்போது எடுக்கிறார்கள்’ என்று கேளுங்கள். கிழமைக்குக் கிழமை ராகு காலம், எமகண்டம் மாறும், நேரமும் அதையொட்டி மாறும். பணத்தை அவருக்கோ நேராகப் பூக்கடைக்காரருக்கோ போட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் டிபிஎஸ் வங்கிக் கணக்கு இருப்பவர்கள், பேநவ் என்ற பணப் பரிமாற்ற வசதி வழியாக ஊரில் இருக்கும் உறவினரின் யுபிஐ-க்கே அனுப்பலாம்; 2023 பிப்ரவரியில் தொடங்கிய வசதி இது. கட்டிய மாலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிறிஸ்தவ வீடு என்றால் மலர் வளையம் வழக்கம். முஸ்லிம் நண்பர் வீடு என்றால் பூவே அனுப்பாதீர்கள், அடக்கமும் சீக்கிரம் முடிந்துவிடும், போன் செய்து பேசினால் போதும். எடுத்த பிறகு செய்தி தெரிந்தால் எந்த வீட்டுக்கும் பூ வேண்டாம்.

பதினாறாம் நாள் படத்துக்கு மாலை போட, நிலக்கோட்டைக் கடைக்கு நானே முந்தின நாள் போன் செய்தேன். காலை ஆறரைக்குப் படம் வந்தது. இரண்டு மாலை, 700 ரூபாய். ஆட்டோவில் அனுப்பியதற்குத் தனியாக 100.