பி.எஸ்.யு (கம்ப்யூட்டரோட பவர் சப்ளை) மாத்தும்போது பழைய கேபிளையே விடலாமா? ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டிப் பாத்த அனுபவம்

முதல்ல பதில சொல்லிடறேன். ஒரே கம்பெனி, கேபிள் மேல டைப் நம்பர் இருக்கு, ரெண்டு மாடலுக்கும் அந்த கேபிள் ஓகேன்னு கம்பெனி சார்ட்லயே போட்டிருக்கு, இந்த மூணும் சரியா இருந்தா விடலாம். நான் விட்டேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. இதுல ஒண்ணு இடிச்சாலும் எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு புது டப்பால வந்ததையே மாட்டிடுங்க, அவ்ளோதான்.

ஆசை ஏன் வருதுன்னு நல்லாவே தெரியும். இங்க பெங்களூர்ல ரோட்டு வேலை நடக்காத தெருவே கிடையாது, கேபினட்ட திறந்தா பவுடர் மாதிரி மண்ணு, அதுக்குள்ள மதர்போர்டு பின்பக்கம் ஜிப் டை போட்டு அழகா இழுத்து வச்ச கேபிள எவன் திரும்ப அவுப்பான்? என்னோடது பழைய 550 வாட் கார்செயர், ஃபுல் மாடுலர், அதாவது எல்லா கேபிளையும் பி.எஸ்.யுலேர்ந்தே கழட்டிடலாம். புது கிராஃபிக்ஸ் கார்டு போடணும்னு அதே பிராண்டுல 750 வாட் எடுத்தேன். பழைய கேபிளோட பி.எஸ்.யு பக்க பிளக்ல டைப் 3ன்னு அச்சடிச்சிருந்துச்சு, புதுசுல டைப் 4. சார்ட்ட பாத்தா 24 பின் மெயின் கேபிள மட்டும் மாத்தணும், சாட்டா (டிஸ்க்குக்கு), பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டுக்கு), சிபியு கேபிள் எல்லாம் ரெண்டுக்கும் பொது. ஸோ 24 பின்ன மட்டும் புதுசு இழுத்துட்டு மிச்சத்த அப்படியே விட்டுட்டேன். அதே கம்பெனியோட டைப் 5 வாங்கியிருந்தா கதையே வேற, அதுல பிளக்கே சின்ன சைஸ், பழசு உள்ள போகவே போகாது. ஒரு விதத்துல அதான் நல்லது, போகலேன்னா யாரும் தப்பா மாட்ட முடியாதுல்ல.

ஆபத்தே, தப்பான கேபிள் போய் கச்சிதமா உக்காரறதுலதான் இருக்கு. 1995ல இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் ஸ்டாண்டர்டு, மதர்போர்டு பக்கம் எந்த பின்ல எத்தன வோல்ட்னு கட்டிப்போட்டு வச்சிருக்கு. ஆனா மாடுலர் கேபிள்ல, பி.எஸ்.யுல சொருகற பக்கத்துக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது, அவனவன் இஷ்டம். அதுலயும் பிராண்டு பேர் ஒண்ணா இருந்தாலும் உள்ள செய்யறவன் வேற வேற ஆளு, சீசோனிக், சூப்பர் ஃப்ளவர், எஃப்எஸ்பி, சிடபிள்யூடின்னு. ஈவிஜிஏங்கற பிராண்டுல ஜி2 சீரிஸ் சூப்பர் ஃப்ளவர் செஞ்சது, ஜிக்யூ சீரிஸ் எஃப்எஸ்பி செஞ்சது, மேல ஸ்டிக்கர் மட்டும்தான் ஒண்ணு. அதனால "ஒரே பிராண்டுதானே"ங்கறது பாதி பதில்தான்.

இங்க எஸ்.பி. ரோட்டுல ஒரு கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைல இதக் கேட்டப்ப, "எல்லாம் ஒரே கேபிள்தான் அண்ணா, கண்ண மூடிட்டு மாட்டுங்க"ன்னாரு. அதே மாதிரி ஒரு பேச்ச நம்பித்தான் என் கூட வேலை செய்யற பையன் ஒருத்தன் வேற கம்பெனி பி.எஸ்.யுல பழைய சாட்டா கேபிள சொருகிட்டான். 5 வோல்ட் வர வேண்டிய கம்பில 12 வோல்ட். எஸ்எஸ்டி அந்த செகண்டே காலி, ஒரு மாதிரி கருகின வாசனை. ஹார்ட் டிஸ்க்ல அவன் தங்கச்சி கல்யாண ஃபோட்டோ மொத்தமும் இருந்துச்சு. அத கனெக்ட் பண்ணி வச்சா கம்ப்யூட்டரே ஆன் ஆகாது, கழட்டினா ஆகுது. டிஸ்க் அடியில இருக்கற பச்சை போர்டு ஸ்க்ரூவ கழட்டி மல்டிமீட்டர வச்சோம், பவர் பிளக் பக்கத்துல அரிசி சைஸ்ல கருப்பா டிவிஎஸ் டயோடுன்னு இருக்கும், 5 வோல்ட்டுக்கு ஒண்ணு 12க்கு ஒண்ணு, அதுல 5 வோல்ட்டோடது ஷார்ட்டு. அந்த டயோடோட வேலையே அதுதான், வோல்டேஜ் எகிறினா தான் செத்து மிச்ச போர்ட காப்பாத்தும். அந்த டயோட மட்டும் எடுத்துட்டு, டிஸ்க்க திரும்ப போட்டதும் சுத்த ஆரம்பிச்சுது, ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் காப்பி எடுத்தான். அதிர்ஷ்டம்தான், எல்லா டிஸ்க்கும் இப்படி பொழைக்காது, பொழச்சாலும் பாதுகாப்பு போன அந்த டிஸ்க்க தொடர்ந்து யூஸ் பண்ணக் கூடாது. எஸ்எஸ்டி கடைசி வரைக்கும் வரவே இல்ல.

இதெல்லாம் பாத்ததுக்கப்பறம் சார்ட் சரின்னு சொன்னாலும் ஒரு தடவ மீட்டர் வைக்காம நான் எதையும் கனெக்ட் பண்றதில்ல. பி.எஸ்.யுவ வெளிய தனியா வச்சு, 24 பின்ல 16ஆவது பின்னையும் (பழைய கலர் கேபிள்னா பச்சை) பக்கத்துல ஒரு கிரவுண்டையும் பேப்பர் கிளிப்பால சேத்தா ஆன் ஆயிடும். ஃபேன் சுத்தலேன்னு பதற வேணாம், இப்ப வர்றது நிறைய லோடு இல்லாம ஃபேனே சுத்தாது. மோலக்ஸ் பிளக்னா (பழைய மாதிரி நாலு பின் பவர் பிளக்) ஒரு ஓரம் 12, இன்னொரு ஓரம் 5, நடுவுல ரெண்டும் கிரவுண்டு. சாட்டால அஞ்சு கம்பி வரிசையா 3.3, கிரவுண்டு, 5, கிரவுண்டு, 12. இப்பல்லாம் கம்பி மொத்தமும் கருப்பாவே வருது, கலர நம்ப முடியாது, எண்ணித்தான் பாக்கணும். 5 வோல்ட் லைன் 4.75ல இருந்து 5.25க்குள்ள, 12 லைன் 11.4ல இருந்து 12.6க்குள்ள இருந்தா ஓகே. ஒரு கேபிள் சரியா இருக்குன்னு இன்னொன்ன விட்டுடாதீங்க, ஒவ்வொண்ணா பாருங்க.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போன தீபாவளி சுத்தம் பண்றப்ப எல்லா பிளக்கையும் கழட்டிப் பாத்தேன், பிசிஐஇ பிளக்லதான் லோடு ஜாஸ்தி, ஒரு 8 பின்னுக்கு 150 வாட் கணக்கு, பின்ல கருப்போ பிளாஸ்டிக் இளகினதோ எதுவும் இல்ல. ஒரே குறை, பழைய சாட்டா கேபிள் ஒண்ணு கொஞ்சம் லூஸ், டிஸ்க்க அசைச்சா டிஸ்கனெக்ட் ஆச்சு, அத தூக்கிட்டு டப்பால இருந்த புதுசு போட்டுட்டேன். கேபிள் ஒத்துப்போச்சுன்னாலும் வயசானது வயசானதுதான் மச்சா.

கேபிள திரும்ப இழுக்கறதுதான் கஷ்டம்னா நான் சொல்றது எக்ஸ்டென்ஷன், பி.எஸ்.யு கேபிளுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல மாட்டறது. ஸ்லீவ் போட்டு கலர் கலரா விப்பான்ல, அதோட ரெண்டு முனையும் மதர்போர்டு பக்க ஸ்டாண்டர்டுதான், பி.எஸ்.யு எது மாத்தினாலும் அது அப்படியே இருக்கலாம். அதே அழகுக்கு பி.எஸ்.யுலேர்ந்தே போற ஃபுல் செட் வாங்கறீங்கன்னா, எந்த மாடலுக்குன்னு தெளிவா போட்டு விக்கறத மட்டும் வாங்குங்க, எல்லாத்துக்கும் பொருந்தும்னு ஆன்லைன்ல சல்லிசா வர்றத தொடாதீங்க. சுவத்துக்குப் போற பவர் கார்டு சாதாரண சி13 டைப்னா (கம்ப்யூட்டருக்கு வழக்கமா வர்ற மூணு ஓட்டை பிளக்) பழசே போதும், ஆனா பிரிண்டரோட வந்த சன்னக் கார்ட பெரிய பி.எஸ்.யுக்கு போடாதீங்க.

இன்னொண்ணு, வாரன்டில பி.எஸ்.யு மாத்தித் தந்தா அதே மாடல் பேர்லயே வேற ரிவிஷன் வரலாம், கேபிள வீட்லயே வச்சிட்டு பி.எஸ்.யுவ மட்டும் அனுப்பினீங்கன்னா திரும்ப வர்றதுக்கும் இதே செக்கிங் உண்டு. பழைய 550அ விக்கறப்ப அதோட 24 பின் கேபிளையும், புது டப்பால வந்து நான் மாட்டாம வச்சிருந்த பொது கேபிளையும் ஜிப் லாக் கவர்ல போட்டு, மேல மாடல் பேர் எழுதி, கூடவே குடுத்தேன். வாங்க வந்தவரு "கேபிள் என்கிட்ட இருக்கு, இல்லாம ஐநூறு கம்மி பண்ணுங்க"ன்னாரு. ஐநூறும் கம்மி பண்ணேன், கேபிளையும் கைல திணிச்சுத்தான் அனுப்பினேன்.