மெக்அலிஸ்டர் கோட்டை: மண்மேடுதானேன்னு விட்றாதீங்க

அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து சவானா ஊருக்குப் போறவங்க பாதி பேர் புலாஸ்கி கோட்டைய பாத்துட்டு போட்டோ எடுத்துட்டு கிளம்பிர்றாங்க, மெக்அலிஸ்டர் போகலையான்னு கேட்டா அது வெறும் மண்மேடு தானேங்கிறாங்க. மண்மேடேதான், விஷயமே அதுல தாங்க இருக்கு. ஜார்ஜியால ரிச்மண்ட் ஹில் ஊரு பக்கம், ஐ-95 நெடுஞ்சாலைல எக்ஸிட் 90 எடுத்து கிழக்கால ஒரு 10 மைல், ஒகீச்சி ஆத்தங்கரை. பார்க்கிங்குக்கு தனி காசு, கோட்டைக்கும் மியூசியத்துக்கும் தனி டிக்கெட்.

என்னைக் கேட்டா மொதல்ல புலாஸ்கி பாத்துட்டு அப்புறம் இங்க வாங்க. அங்க ஏழரை அடி தடிமன் செங்கல் சுவரு, அசைக்கவே முடியாதுன்னு நம்பிட்டு இருந்தாங்க, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தப்போ இது ரெண்டும் தெற்கு மாநிலங்களோட கோட்டை, 1862 ஏப்ரல்ல வடக்குப் படை புது ரைஃபிள் பீரங்கிய (குழாய்க்குள்ள மரை போட்டது) எதிர்ல இருக்குற டைபீ தீவுல நிறுத்தி அடிச்சதுல 30 மணி நேரத்துல சுவரு பொத்துக்கிட்டு கோட்டை சரண்டர். அதே போரு, அதே கரை, ஆனா இந்த மண்கோட்டைய 1862-63ல ஏழு தடவை கப்பல்லேருந்து அடிச்சும் ஒண்ணும் வேலைக்காகல. மான்டாக்னு வடக்கோட ஒரு இரும்புக் கப்பல், அதுல 15 இஞ்ச் பீரங்கி, அந்த குண்டு வந்து மண்ணுக்குள்ள சொருகிக்கும், பெரிய பள்ளம் விழும், அவ்ளோதான், ராத்திரியோட ராத்திரியா மண்வெட்டிய எடுத்து ரொப்பிருவாங்க. உயிர்ச்சேதம் இல்லாம இல்ல, 1863 பிப்ரவரி 1ல கோட்டை கமாண்டர் மேஜர் காலியே செத்தாரு. ஆனா மார்ச் 3ல மூணு இரும்புக் கப்பல் சேந்து மணிக்கணக்கா அடிச்சப்போ செத்தது டாம் கேட்னு கோட்டைல வளர்ந்த ஒரு பூனை மட்டும்தான், அது செத்த சேதி தெற்குப் படை ஜெனரல் போரிகார்ட் வரைக்கும் ரிப்போர்ட்ல போச்சாம். பூனை கதைய எல்லாரும் ரசிச்சு சொல்றாங்க சரி, இவ்ளோ மண்ண சுமந்து கொட்டினதுல பெரும்பங்கு அடிமையா வச்சிருந்த கறுப்பின மக்களோட உழைப்பு, அதையும் மனசுல வச்சுக்கிட்டு நடங்க.

உள்ள பதுங்கு அறைக்குள்ள கண்டிப்பா போங்க, வெளிய கொளுத்துற வெயில்ல அது ஒண்ணுதான் நிழல். குண்ட செவக்க காய்ச்சுற உலை ஒண்ணும் இருக்கு, மரக்கப்பல கொளுத்துறதுக்கு பண்ணது, இரும்புக் கப்பல் வந்தப்புறம் அத வச்சு என்ன பண்ண. மியூசியம் சின்னதுதான், ஆனா 1863 பிப்ரவரி 28ல தரை தட்டி நின்னப்போ மான்டாக் அடிச்சு எரிச்ச தெற்கோட நாஷ்வில் கப்பலோட சாமான்லாம் வச்சிருக்காங்க, அங்க கொஞ்சம் டைம் குடுங்க.

ஆத்துப் பக்கம் பாத்துட்டு அப்படியே திரும்பி நிலத்துப் பக்கமும் ஒரு ரவுண்டு நடங்க, கோட்டை விழுந்த கதை அங்கதான் இருக்கு. 1864 டிசம்பர் 13, அட்லான்டாலேருந்து நடந்தே வந்த வடக்கு ஜெனரல் ஷெர்மன் படைக்கு சாப்பாடு சரக்கெல்லாம் கடல்ல கப்பல்ல காத்துட்டு இருக்கு, நடுவுல வழிய மறிச்சு நின்னது இந்தக் கோட்டை. உள்ள மேஜர் ஆண்டர்சன் கூட சுமார் 230 பேர், அகழியும் கூர்மரமும் மண்ணுல பொதச்ச கண்ணிவெடியும் தான் துணை. ஷெர்மன் படைல ஹேசன்ங்கிற ஜெனரலோட டிவிஷன் ஆயிரக்கணக்குல பாஞ்சு வந்து 15 நிமிஷத்துல முடிச்சிட்டாங்க, ஷெர்மன் அந்தப்பக்கம் ஒரு அரிசி மில் கூரைலேருந்து பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் பிடிபட்ட ஆளுங்களையே விட்டு கண்ணிவெடிய தோண்ட வச்சாங்க. அடுத்த வாரமே சவானாவும் கைக்கு வந்துருச்சு.

இன்னைக்கு பாக்க ஏதோ மிஞ்சி இருக்குன்னா அதுக்கு 1930கள்ல இந்த நிலத்த வாங்கி சீரமைக்க ஆரம்பிச்ச கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டும் ஒரு காரணம்.

கொசுவும் கண்ணுக்கே தெரியாத மணல் பூச்சியும் கடிச்சு எடுத்துரும், ஸ்ப்ரே இல்லாம எறங்காதீங்க. மேட்டு மேல ஏறாதீங்க, புள்ளைங்கள புடிச்சுக்கோங்க, மண்ணு சரிஞ்சா திரும்ப வராது. டிசம்பர்ல போர நடிச்சுக் காட்டுவாங்க, அந்த டைம்ல போனா வெயிலும் கம்மி, தேதி மட்டும் முன்னாடியே செக் பண்ணிக்கோங்க. என் ரேட்டிங் 4.5/5, கொறச்ச அரை மார்க் பூச்சிக்கு.