ஊட்டி விடுதியா, தாத்தா பாட்டி வீடா?

துபாயில் வேலை பார்த்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளையை ஊரில் படிக்க வைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழிதான்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விடுதிப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-லேயே வந்துவிட்டது. விளையாட்டு, ஒழுங்கு, நண்பர்கள் எல்லாம் கிடைக்கும். ஆனால் ராத்திரி காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைப்பது வார்டன்தான். போனும் சிக்கல். அங்கே மாலை 7 மணி, துபாயில் 5.30, அப்பா இன்னும் ஆபீஸிலேயே இருப்பார். "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்குள் அடுத்த பிள்ளை போனுக்கு வரிசையில் நிற்கும். ஓடி வரலாமென்றால், கோவையில் இறங்கிய பிறகும் மலையேற மூன்று மணி நேரம்.

தாத்தா வீட்டில் செலவு கம்மி. தமிழும் பாட்டியின் ரசமும் தானாக வரும். கணக்குப் பாடத்துக்கு டியூஷன் வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தாத்தாவுக்கு முட்டி வலி இருந்தால் ஸ்கூல் வேனை நம்ப வேண்டும்.

எதுவானாலும், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பிள்ளையின் அமீரக விசா பொதுவாகக் காலாவதியாகிவிடும். விடுமுறைக்கு அழைக்கும்போதுதான் பலருக்கு அது உறைக்கிறது.

என்னைக் கேட்டால், பத்து வயது வரை பாட்டி வீடு. அப்புறம் மலை.