உடைந்த ஸ்டட்: ஈஸி அவுட்டா, வெல்டிங்கா, ட்ரில்லா?

சைலன்சர் நட்டைத் திருப்பிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று கைக்கு லேசாகிவிடும். நட் இளகிவிட்டது என்று நினைத்துக் கழற்றினால், பாதி ஸ்டட்டும் (சிலிண்டரில் திருகி நிற்கும் தலையில்லாத போல்ட்) அதோடு சேர்ந்து வந்திருக்கும். மீதிப் பாதி சிலிண்டருக்குள். மோட்டார் பூட்டிய சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலர் இதை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஓயாத அதிர்வு, அதில் சைலன்சரின் மொத்தப் பாரத்தையும் இரண்டே இரண்டு 6 மில்லி ஸ்டட் தாங்குகிறது. உடையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எடுக்க வழிகள் நிறைய உண்டு. ஆனால் எதைக் கையில் எடுப்பதற்கு முன்பும் உடைந்த முகத்தை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டி ஓடும்போது அதிர்வில் உடைந்த ஸ்டட் என்றால், முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, மெல்லிய வளைகோடுகளோடு இருக்கும். மீதி சொரசொரப்பாக இருக்கும். வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிக் கடைசியில் முறிந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் துண்டு அவ்வளவாக இறுகியிருக்காது. நட்டைத் திருப்பும்போது முறிந்தது என்றால் முகம் முழுக்க முறுக்கிய சுழி தெரியும். இது மரையில் (திருகுப் புரியில்) பிடித்துக்கொண்ட ஸ்டட். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் பல சிலிண்டர்கள் வீணாகின்றன.

முதல் வகை சுலபம். வெளியே 10 மில்லிக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்க நட்டைத் திருப்பினால் போதும். அதைவிடக் குறைவாக இருந்தால் கிரிப் பிளையர். சிலிண்டரோடு சமமாக உடைந்திருந்தால்கூட, கூரான பஞ்ச் கருவியை (சின்ன உளி மாதிரி) விளிம்பில் வைத்து இடப்பக்கமாகத் தட்டத் தட்டச் சுற்றி வந்துவிடுவதுண்டு. இந்த இடத்தில் ஈஸி அவுட்டும் (உடைந்த துண்டின் நடுவில் ஓட்டை போட்டு, அதற்குள் விட்டுத் திருப்பிக் கழற்றும் கருவி) வேலை செய்யும்.

இறுகிய ஸ்டட்டில் ஈஸி அவுட்டைத் தொடாதீர்கள். இதை நான் அடித்தே சொல்வேன். முழு 6 மில்லி இரும்பே முறுக்குத் தாங்காமல் முறிந்திருக்கிறது. அதன் நடுவில் ஓட்டை போட்டு, அதற்குள் மூன்று மில்லி அளவிலான ஒரு கருவியை விட்டு அதே முறுக்கைக் கொடுத்தால் எது முதலில் உடையும்? போதாததற்கு, ஈஸி அவுட் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கும்போது ஸ்டட்டை விரித்து மரையோடு இன்னும் இறுக்குகிறது. நான் முதன்முதலாக ஸ்டட் எடுக்க முயன்றபோது இதுதான் நடந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஈஸி அவுட் கடினமாக்கிய எஃகு. சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்துக்குள் இறங்கிவிட்டது. எடுக்க வேண்டிய ஒரு துண்டு இரண்டாகி, சிலிண்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. 10, 12 மில்லி போல்ட்டுக்கு ஈஸி அவுட் நல்ல கருவிதான். 6 மில்லிக்கு அல்ல.

இறுகிய ஸ்டட்டுக்கு என் முதல் தேர்வு நட்டை வெல்டிங் வைப்பது. உடைந்த ஸ்டட்டின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக உள்ளே பற்றவைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் பிடிக்காது என்பது இங்கே நமக்குச் சாதகம்; கொஞ்சம் வழிந்தாலும் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஆனால் பிடிமானத்தைவிட முக்கியமான வேலையை வெப்பம் செய்கிறது. ஸ்டட் செந்நிறமாகச் சூடேறி, விரிய இடமில்லாமல் நசுங்கி, ஆறும்போது சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தில் மரையைப் பிடித்திருந்த துருவும் கரியும் விட்டுவிடும். பற்றவைத்த உடனே திருப்பாதீர்கள். சிவப்பு போய், கொஞ்சம் ஆறியதும், இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று ஆட்டுங்கள். முதல் நட் பிய்த்துக்கொண்டு வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது நட்டில் வருவது சகஜம், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இன்னொரு சூடு கிடைக்கிறது.

மிக் அல்லது டிக் வெல்டிங் (வாயுவின் காப்பில் செய்வது) இருந்தால் நல்லது. சாதாரண ராடு வெல்டிங்கில் இவ்வளவு சின்ன இடத்தில் வேலை செய்யக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். எர்த் கிளாம்ப்பைச் சிலிண்டரிலேயே போடுங்கள்; கரண்ட் கிராங்க் பேரிங் வழியாகப் போகக் கூடாது. இன்னும் நல்லது, சிலிண்டரையே தனியாகக் கழற்றி மேசையில் வைப்பது. நான்கு நட், கேஸ்கட், அவ்வளவுதானே. ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் விஷவாயு வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெல்டிங் இல்லை என்றால்? வெறும் சூடும் எண்ணெயும் முதலில் முயலலாம், செலவில்லை. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே சூடு காட்ட வேண்டியது ஸ்டட்டுக்கு அல்ல, சுற்றியுள்ள அலுமினியத்துக்கு. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 டிகிரி சூடேற்றினாலும் 6 மில்லி ஓட்டையில் கிடைக்கும் இடைவெளி சுமார் 0.013 மில்லிதான். அதனால் இதைத் தனி வழியாக நம்புவதைவிட மற்ற வழிகளுக்குத் துணையாக வைத்துக்கொள்வது சரி. அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வைத்த பிறகே நெருப்பு. படிகாரக் கரைசலில் ஊறவைத்து இரும்பைக் கரைக்கும் வித்தை கடிகாரம் பழுது பார்ப்பவர்களுக்குச் சரி. இந்த அளவு ஸ்டட்டுக்குப் பொறுமை போதாது.

அடுத்தது ட்ரில். இதில் இடது சுற்று ட்ரில் பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெட்டும்போதே கழற்றும் திசையில் திருப்புவதால், ஓட்டை பாதி இறங்கியதும் ஸ்டட் தானாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும் வாய்ப்பு உண்டு. வராவிட்டாலும் நஷ்டமில்லை, எப்படியும் போட வேண்டிய ஓட்டைதான்.

ட்ரில்லில் எல்லாமே நடுமையத்தில்தான் இருக்கிறது. ஸ்டட் கடினம், அலுமினியம் மிருது. பிட் எப்போதும் மிருதுவான பக்கமே சாயப் பார்க்கும். உடைந்த முகத்தை அரத்தால் சமன் செய்து, சென்டர் பஞ்ச் அடியுங்கள். எனக்குப் பலமுறை கைகொடுத்த முறை இது: சைலன்சர் ஃபிளாஞ்சை (சிலிண்டரோடு பூட்டும் தட்டை) நல்ல ஸ்டட்டில் மாட்டி இறுக்கிவிட்டு, உடைந்த பக்கத்து ஓட்டையில் இறுக்கமாக உட்கார்கிற மாதிரி, நடுவில் 3 மில்லி துளையுள்ள ஒரு புஷ் (சின்ன உலோகக் குழாய்) கடைந்து வைப்பேன். பிட் அந்தத் துளை வழியாக நேராக இறங்கும். முதலில் 3, பிறகு 4, கடைசியில் 5 மில்லி. மையம் சரியாக இருந்தால் 5 மில்லியில் ஸ்டட்டின் மரை மட்டும் மெல்லிய ஸ்பிரிங் மாதிரி எஞ்சும். அதை ஒரு கூர்முனையால் கிள்ளி இழுத்தால் சுருள் சுருளாக வரும். அப்புறம் 6 மில்லி டேப்பை (மரை வெட்டும் கருவியை) ஒருமுறை ஓட்டினால் பழைய மரையே கிடைத்துவிடும். எவ்வளவு ஆழம் என்று தெரிய, பிட்டில் ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளுங்கள். சிலிண்டரைக் கழற்றாமல் செய்வதானால் எக்ஸாஸ்ட் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு துகள் உள்ளே போனாலும் பிஸ்டனில் கோடு விழும்.

மையம் தவறி மரை போய்விட்டால் ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலாக உள்ளே பூட்டும் எஃகுச் சுருள். 6.3 மில்லி ட்ரில், அதற்கான டேப், பிறகு எஃகுச் சுருள். இதைக் கடைசி வழி என்று பலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலுமினியத்தில் நேரடியாக வெட்டிய மரையைவிட எஃகுச் சுருள் அடிக்கடி கழற்றி மாட்டுவதை நன்றாகத் தாங்கும். நான் தயங்குவது 8 மில்லி ஸ்டட்டுக்குப் பெரிதாக்குவதில்தான். எக்ஸாஸ்ட் துளையைச் சுற்றி உலோகம் அவ்வளவு தடிமனாக இல்லை, ஃபிளாஞ்சையும் அகலப்படுத்த வேண்டிவரும், அதுவும் தவறினால் அடுத்து எதுவும் மிச்சமில்லை.

புது ஸ்டட் 8.8 தரத்தில் வாங்கி, மரையில் ஆன்டி சீஸ் பசை (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது) தடவிப் போடுங்கள். இறுக்கம் 10 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டாம். அப்புறம் சைலன்சரின் மறுமுனையைச் சைக்கிள் ஃபிரேமோடு ஒரு பட்டி வைத்துப் பிடித்துவிடுங்கள், பாரம் அந்த இரண்டு ஸ்டட்டில் தொங்காது.