யமஹா டிஆர்பிஎக்ஸ் 174: கிட்டார் வாசிக்கிறவர் வாங்கும் முதல் பேஸ்

கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் பேஸ் கிட்டார் வாங்கக் கடைக்குப் போனால், எடுத்தவுடன் கிட்டார் மாதிரியே கையில் படிகிற ஒன்றைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார். நீளம் குறைவாக இருக்கும், பழகிய விரல்கள் உடனே ஓடும். அதை வாங்காதீர்கள் என்பதுதான் எங்கள் கட்சி. முதல் பேஸ் முழு நீளத்தில், பேட்டரி இல்லாமல், குமிழ்கள் குறைவாக இருக்க வேண்டும். இந்தக் கணக்குக்குத் தொடக்க நிலைக் கருவிகளில் நன்றாகப் பொருந்துவது யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174.

இதன் ஸ்கேல், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் உள்ள நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங் அதிரும் நீளம், 34 இன்ச். 1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸுக்கு வைத்த அதே அளவுதான் இன்றும் பொது வழக்கு. மஹோகனி உடல், போல்ட் போட்டு இணைத்த மேப்பிள் கழுத்து, அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளாக 24 ஃப்ரெட். நடுவில் இரண்டு துண்டாகப் பிரிந்த பி வகை பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), பிரிட்ஜ் பக்கம் ஜே வகை சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப். பிக்கப்புக்கு ஒன்றாக இரண்டு வால்யூம், பொதுவாக ஒரு டோன். அவ்வளவுதான்.

ஆக்டிவ் சர்க்யூட், அதாவது பேட்டரியில் ஓடி ஒலியை ஏற்றும் சர்க்யூட், உள்ள பேஸ் கடையில் முதல் நிமிடத்திலேயே மயக்கிவிடும். லோவை (தாழ்ந்த ஒலியை) ஏற்றினால் அறை அதிரும், கையில் உள்ள குறை அந்த அதிர்வில் மறைந்துபோகும். இதைப் போல பேட்டரி இல்லாத பேசிவ் பேஸில் ஒளிந்துகொள்ள இடமில்லை. விரல் மெதுவாகத் தொட்டால் ஒலி மெலியும், ஓரிடத்தில் பிசகினால் அப்படியே வெளியே கேட்கும். கேபிளைப் பிடுங்க மறந்து பேட்டரி தீர்ந்துபோகும் தொல்லையும் கிடையாது.

நான்கு ஸ்ட்ரிங்கும் ஈ, ஏ, டி, ஜி. கிட்டாரின் தடித்த நான்கு ஸ்ட்ரிங்குகள்தான், ஓர் ஆக்டேவ் கீழே. கிட்டாரின் லோ ஈ 82.4 ஹெர்ட்ஸ் என்றால் பேஸின் ஈ 41.2. ஆகவே ஸ்வர வரிசைகளுக்கான விரல் வடிவங்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. சிக்கலும் இங்கேதான். மனசுக்கு வழி தெரிகிறது, கைக்கு எட்டாது. நட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை 25.5 இன்ச் கிட்டாரில் சுமார் 134 மில்லிமீட்டர், இதில் 178. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற கிட்டார்ப் பழக்கத்தை முதல் ஃப்ரெட்டிலேயே பிடித்துக்கொண்டால் சில நாளில் மணிக்கட்டு வலிக்கும். வலித்தபின் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு ஒரு கணக்கு உதவும். 34 இன்ச் பேஸில் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அளந்தால் ஏறக்குறைய 25.5 இன்ச் வரும். அதாவது ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே, உடல் பக்கமாக, ஃப்ரெட் இடைவெளிகள் கிட்டாரில் இருப்பவையேதான். முதல் இரண்டு வாரம் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலேயே இருங்கள். அங்கே ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் தாராளமாக எட்டும். பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்குங்கள். முதல் நான்கு ஃப்ரெட்டுக்கு டபுள் பேஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸ்) வாசிக்கிறவர்களின் முறையே நல்லது: ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்றாக. நான்கு விரலுக்கு மூன்று ஃப்ரெட்தான். நான்காவது ஃப்ரெட் வேண்டுமென்றால் விரலை விரிக்காமல் கையையே நகர்த்துங்கள். கட்டைவிரல் கழுத்தின் பின்னால், நடுவிரலுக்கு நேரே இருக்கட்டும். ராக் கிட்டார்க்காரர்கள் போல மேலே வளைத்துப் பிடித்தால் எட்டும் தூரம் இன்னும் குறையும்.

ஒரு ஸ்ட்ரிங்கின் இழுவிசையும் கிட்டாரைப் போல ஏறக்குறைய இருமடங்கு. இரு ஃப்ரெட்டுக்கு இடையே நடுவில் அழுத்தினால் அதிக பலம் செலவாகும், ஸ்ட்ரிங்கும் இரையும். ஃப்ரெட்டின் உலோகத்தை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும்.

கடையில் கவனிக்க வேண்டிய ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜி ஸ்ட்ரிங்கில் மூன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரே பலத்தில் வாசித்து, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். போல்ட் கழுத்துள்ள பேஸ்களில் ஐந்து முதல் ஏழு வரை எங்காவது ஒரு ஸ்வரம் மற்றவற்றைவிடச் சட்டென்று அணைவது உண்டு. அந்த இடத்தில் கழுத்தே அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது. லேசாக இருந்தால் விட்டுவிடலாம். தட்டினாற்போல நின்றால் எந்த செட்டப்பும் (வாசிக்க ஏற்றபடி கருவியைச் சீர்செய்வது) அதைச் சரிசெய்யாது, அதே மாடலில் வேறொன்றை எடுத்துக் கேளுங்கள். மாதிரிக்கு வைத்திருப்பதை வாசித்துவிட்டு, பெட்டி பிரிக்காத இன்னொன்றைக் கட்டித் தரச் சொன்னால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

பெட்டியிலிருந்து வந்தபடியே வாசிக்கத் தொடங்குவதும் சரியல்ல. இந்த விலையில் எந்த பேஸுக்கும் செட்டப் தேவைப்படும். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் டியூன். அடுத்து கழுத்தின் வளைவு: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங்கை அழுத்துங்கள். எட்டாம் ஃப்ரெட்டின் மேல் 0.3 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உரசாமல் நுழைய வேண்டும். இடைவெளி அதிகமென்றால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) இறுக்க வேண்டும், குறைவென்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மறுபடி டியூன் செய்து, சற்றுப் பொறுத்து அளந்த பிறகே அடுத்த கால் சுற்று. பிறகுதான் ஸ்ட்ரிங் உயரம்: பதினேழாம் ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.4 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2. கிட்டார் பழக்கத்தில் இதைவிடத் தாழ்த்தத் தோன்றும். பேஸ் ஸ்ட்ரிங் அதிரும் அகலம் அதிகம், தாழ்த்தினால் ஃப்ரெட்டில் அடித்துக் கடகடக்கும். கடைசியில் இன்டோனேஷன், அதாவது கழுத்து முழுதும் சுதி சரியாக இருப்பது: பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரம், அங்கேயே அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் எழும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால், பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு.

ஸ்ட்ரிங் மாற்றும்போது கிட்டார்க்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. டியூனரின் பிளவுக்கு எதிரே பிடித்து, நேராக வெட்டிவிடுவார்கள். டியூனரைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு, அந்த இடத்தில் முதலில் செங்கோணமாக மடக்கி, மடக்கிய இடத்துக்கு அப்பால் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்றிய கம்பி நழுவி, ஸ்ட்ரிங்கின் ஒலியே செத்துப்போகும். 45, 65, 85, 105 அளவுள்ள (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) நிக்கல் ரவுண்ட்வுண்ட், அதாவது உருண்டைக் கம்பி சுற்றிய, செட் தொடக்கத்துக்குப் போதும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துவிடுங்கள். நம் ஊர் வியர்வைக்கும் கடற்கரைக் காற்றுக்கும் துடைக்காத ஸ்ட்ரிங் சீக்கிரமே மந்தமாகிவிடும்.

ஒலி விஷயத்தில் இந்தக் கருவியின் பலம் நடு பிக்கப்தான். அதன் இரு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை என்பதால் கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதை முழுதாகத் திறந்து டோனைப் பாதியில் வைத்தால் மெல்லிசைக் கச்சேரியில் பெரும்பாலான பாட்டுக்கு அதுவே போதும். பிரிட்ஜ் பிக்கப்பைத் தனியாகத் திறந்தால் இரையும். சிங்கிள் காயிலின் இயல்பு அது. எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் இன்னும் மோசம். கையை ஸ்ட்ரிங்கில் வைத்தவுடன் இரைச்சல் குறைந்தால் கருவியில் பழுதில்லை. இரண்டையும் முழுதாகத் திறப்பது நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் நடு அலைவரிசைகளில் கொஞ்சம் ஒன்றையொன்று தின்றுவிடும். தனியாகக் கேட்க இனிமையாக இருக்கும், டிரம்ஸோடு சேர்ந்தால் காணாமல் போகும். பி முழுதும் ஜே பாதியும் என்று தொடங்குங்கள்.

வலது கைக்கு வருவோம். பிக் வைத்து வாசிப்பது குற்றமில்லை, பேர்பெற்ற பேஸ் கலைஞர்கள் பலர் பிக்கில்தான் வாசிக்கிறார்கள். ஆனால் கிட்டார்க்காரர் முதல் நாளிலிருந்தே பிக்கைப் பிடித்தால் கிட்டார் வரிகளையே வாசிப்பார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறிமாறி, மீட்டிய விரல் மேலே உள்ள தடித்த ஸ்ட்ரிங்கில் போய் நிற்க வேண்டும். கட்டைவிரலை பிக்கப் விளிம்பிலோ ஈ ஸ்ட்ரிங்கிலோ ஊன்றலாம். வாசிக்காத ஸ்ட்ரிங்குகளை அடக்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஜி வாசிக்கும்போது ஈயும் ஏயும் தாமாகவே முனகும். கட்டைவிரலை ஈயிலிருந்து ஏக்கு இறக்கி, அதன் பக்கவாட்டால் இரண்டையும் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் இங்கே தாளத்தின் பகுதி. கிக் டிரம்மோடு தொடங்கி ஸ்நேர் அடிக்கும் இடத்தில் நிறுத்திப் பழகினாலே குழுவின் ஒலி மாறும்.

இளையராஜா பாடல்களின் பேஸைக் கேட்டுத்தான் பலருக்கும் இந்தக் கருவி மேல் ஆசை வந்திருக்கும். அந்த வரிகளில் பல, பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மெட்டாகவே நடப்பவை. முதல் மாதத்தில் அவற்றைத் தொடாதீர்கள். கார்டின் ரூட் (அடிப்படை ஸ்வரம்), ஐந்தாவது ஸ்வரம், ஆக்டேவ் மூன்றையும் வைத்து ஒரே பாட்டை முழுதாக, வேகம் மாறாமல் வாசிக்க வந்த பிறகு போகலாம்.

கையில் உள்ள கிட்டார் ஆம்ப் போதுமா? படுக்கையறை அளவுக்குப் போதும். சத்தம் ஏற்றினால் சின்ன ஸ்பீக்கரின் கூம்பு தாங்காமல் பிளிறும், நாளடைவில் கிழியும். வீட்டுக்கு 8 இன்ச் ஸ்பீக்கரோடு வரும் 25 வாட் ஃபெண்டர் ரம்பிள் 25 போன்ற ஒன்று நல்ல துணை; ஹெட்ஃபோன் துளையும் இருக்கிறது. டிரம்மரோடு வாசிக்க அது போதாது. ஸ்ட்ராப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். 7 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், குறுகிய நைலான் பட்டை ஒரு மணி நேரத்தில் தோளை அறுத்துவிடும்.

உள்ளங்கை மிகச் சிறியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மட்டும் எங்கள் பேச்சை மாற்றிக்கொள்கிறோம். அவர்களுக்கு 28.6 இன்ச் ஐபனெஸ் மைக்ரோ அல்லது 30 இன்ச் ஸ்குவயர் பிரான்கோ பொருந்தும். நீளம் குறையக் குறைய ஈ ஸ்ட்ரிங் தளர்ந்து தொளதொளக்கும் என்பதால், அந்த அளவுக்கென்றே விற்கும் தடித்த செட்டைக் கேட்டு வாங்குங்கள். கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கை அடித்து எழுப்பும் கனத்த ஸ்லாப் ஒலிதான் வேண்டும் என்று முடிவோடு வருகிறவருக்கும் 174 ஏமாற்றமளிக்கும். அவர் யமஹாவிலேயே ஆக்டிவ் மாடலான 304ஐப் பார்க்கட்டும், பேட்டரியோடு.