இரண்டு தவணை மண்புழு உரம்: ஒன்று பயிருக்குக் கொடுத்தது, மற்றொன்று பயிரிடமிருந்து எடுத்தது

காட்பாடிக்கு அருகே மாட்டுப் பண்ணையோடு சேர்த்து மண்புழு உரம் தயாரித்து விற்கும் ஓரிடத்தில், தை மாதம் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் உரம் வாங்கினேன். 25 கிலோ மூட்டையின் விலை 300 ரூபாய். அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கு இருக்கும் 30 சென்ட் முள்ளுக் கத்தரித் தோட்டத்துக்காக வாங்கியது. முதல் தவணைக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருவேன்; இரண்டாவதற்கு இரண்டு தருவதே அதிகம்.

தையில் வந்த உரம் தேயிலைத் தூள் போல உதிரியாக, கருமை கலந்த பழுப்பு நிறத்தில் இருந்தது. முகர்ந்தால் மழை நனைத்த மண்ணின் வாசம். நடவின்போது குழிக்கு இரண்டு கை அள்ளிப் போட்டோம். செடிகள் தளர்வில்லாமல் எழுந்தன. அந்தப் பெருமையில் ஒரு பங்கு, அதற்கு முன் அதே நிலத்தில் விளைந்த வேர்க்கடலைக்கும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடலை வேரின் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றில் 78 சதவீதம் இருந்தும் எந்தப் பயிராலும் நேரடியாக எடுக்க முடியாத நைட்ரஜனை, அங்கே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் தழைச்சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன.

சித்திரையில் வந்த மூட்டையைப் பிரித்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். செந்நிறத் தென்னை நார்க்கழிவு அப்படியே தெரிந்தது. கையை உள்ளே விட்டால் இளஞ்சூடு. வெயிலின் சூடு என்று நினைத்துச் செடிகளின் தூரில் இட்டுவிட்டேன். (வேலூர் வெயிலைக் குறை சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் அல்லவா!) பத்தே நாளில் அடியிலைகள் மஞ்சளாயின. தழைச்சத்து போதாதபோது செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அதை உறிஞ்சிக் கொழுந்துக்கு அனுப்பும் என்பதால், மஞ்சள் எப்போதும் கீழிருந்தே தொடங்கும்.

உரம் போட்ட பிறகு சத்துக் குறைவதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு உண்டு. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 8 பங்கு கரிமம் இருக்கிறது. ஆனால் அவை தின்னும் கரிமத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கரியமில வாயுவாக மூச்சில் வெளியே விட்டுவிடுவதால், 8 பங்கை உடலில் சேர்க்க 24 பங்கைத் தின்றாக வேண்டும். ஆகவே 24-க்கு 1 என்ற விகிதத்துக்கு உட்பட்ட பொருளைப் போட்டால் மிச்சத் தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கும். அதைத் தாண்டிய பொருளைப் போட்டால், குறையும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வைக்கோலில் இந்த விகிதம் 80-க்கு 1 அளவில் இருக்கும். மட்காத நார்க்கழிவில் 100-ஐயும் தாண்டும். அந்தக் கரிமம் கொட்டகையில் வெளியேறி முடிவதற்குள் மூட்டை கட்டினால், மீதி வேலை என் செடியின் தூரில்தான் நடக்கும்.

மூட்டையில் தழைச்சத்து குறைந்தது 1 சதவீதம், கரிமம் குறைந்தது 18 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் இரண்டுமே கீழ்வரம்பு. கரிமம் 40 சதவீதமாக இருந்தாலும் அந்த அச்சு உண்மையாகவே இருக்கும், விகிதம் மட்டும் 40-க்கு 1 ஆகிவிடும். வாங்குபவருக்கு வேண்டியது அந்த விகிதமே. அது மூட்டையில் எங்கும் இல்லை.

நேரில் போய்க் கேட்டபோது உரிமையாளர் மழுப்பவில்லை. "கிராக்கி அதிகம் சார், இருபது நாள் முன்னாடியே எடுத்துட்டோம்" என்று ஒப்புக்கொண்டு, கொண்டுபோன மூன்று மூட்டைகளையும் மாற்றிக் கொடுத்தார். அந்த நேர்மைக்காகவே இரண்டு மதிப்பெண்.

ஆனால் அங்கே எனக்கு உறுத்தியது வேறொன்று. மாட்டுக் கொட்டகையின் பின்புறக் கால்வாயில் கோமியம் தேங்கிக் கண்ணைக் கரிக்கும் நெடி வீசிக்கொண்டிருந்தது. கோமியத்தில் உள்ள யூரியா அம்மோனியாவாகிக் காற்றில் போகும் நெடி அது. பத்தடி தள்ளி, தழைச்சத்துக்கு ஏங்கும் நார்க்கழிவு வெறும் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. அந்தக் கோமியத்தை நார்க்கழிவின் மேல் திருப்பிவிட்டுச் சில வாரம் மட்கவைத்து, சூடு தணிந்த பின் புழுவை விட்டால் இரண்டு குறையும் ஒருசேரத் தீரும் என்று சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார்.

மஞ்சளான செடிகளுக்குக் கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்து ஊற்றினோம். அதில் 7 சதவீதம் அளவுக்குத் தழைச்சத்து இருப்பதால் நுண்ணுயிர்களின் பசியும் அடங்கியது. மூன்று வாரத்தில் புதிய இலைகள் பச்சையாகவே வந்தன, முதல் காய்ப்பு மட்டும் தள்ளிப்போனது.

மாற்றிக் கொடுத்த மூட்டையில் ஒரு கைப்பிடியை ஈரமாக்கிப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். பிரித்தபோது நாற்றமும் இல்லை, சூடும் இல்லை. ஆடிப் பட்டத்துக்கு மீண்டும் அங்கேதான் வாங்கப்போகிறேன், ஆனால் மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்ட பிறகே பணத்தை எடுப்பேன்.